நிறுத்துக் கொடுத்த கை

பொருளைச் செலவிடுதலைக் குறிக்கும் 'ஸ்பெண்ட்' என்னும் ஆங்கில வினைச்சொல், இலத்தீன் மொழியின் 'எக்ஸ்பெண்டெரே' என்பதன் வழி வந்தது. எடைபோட்டு அளித்தல் என்பதே அதன் முதற்பொருள். நாணயம் தோன்றாத பழைய உரோமில் வெண்கலக் கட்டிகளே விலையாக வழங்கின. ஆதலின், துலாக்கோலைத் தூக்காமல் எவரும் எதையும் வாங்க இயலாது.

அவ்வழக்கத்தின் எச்சத்தை, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சட்ட ஆசான் காயுசு விளக்கியிருக்கிறார். நிலத்தையோ உழவு மாட்டையோ அடிமையையோ கைமாற்ற வேண்டுமாயின், அகவை நிரம்பிய குடிமக்கள் ஐவரேனும் சான்றாக நிற்பர். துலாக்கோல் ஏந்துதற்கென்றே வேறொருவர் இருப்பார். வாங்குபவன் பொருளைக் கையால் பற்றித் தன்னுடையதென உரைத்து, வெண்கலத் துண்டொன்றால் துலாக்கோலைத் தட்டி, அதனை விற்பவனிடம் தருவான். எடைபார்க்கும் தேவை மறைந்து நெடுங்காலம் ஆகியும் இச்சடங்கு நின்று நிலவியது. மனிதனை மனிதன் விற்ற கொடுமைக்கும் அதே துலாக்கோல் துணைநின்றதால், அவ்வழக்கத்தை முழுவதுமாகப் போற்றுவதற்கில்லை. போற்றத்தக்கது, கொடுக்குமுன் கை சற்றே தாழ்த்திருக்க நேர்ந்த அந்தச் சிறுபொழுது.

நாணயம் வந்தபின் அப்பொழுது சுருங்கிற்று. கை செய்த வேலையை இனி நெஞ்சமே செய்தாக வேண்டும் என்னும் நிலை உண்டாயிற்று. அடக்கம் என்பது பொருளின்மையால் விளைவதன்று. கொடுக்க வல்லவன் கொடுக்குமுன் தனக்குள் எடைபோடும் பழக்கத்தால் விளைவது. அப்பழக்கம் இளமையில் அமையாவிடில், முதுமையில் அதனைக் கடன் வாங்கவும் இயலாது.

உரோமப் பேரரசன் திபேரியசின் காலத்துச் செல்வன் அபீசியசு இதற்குச் சான்று. கோர்சிக்கத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்த மெய்யியலாளர் செனெகா, தம் அன்னைக்கு எழுதிய ஆறுதல் மடலில் அவன் கதையைச் சொல்கிறார். 10 கோடி செசுட்டர்சு நாணயங்களை அடுக்களைக்கே வாரி இறைத்த அபீசியசு, கடன் நெருக்கியபோதுதான் முதன்முறையாகத் தன் கணக்கைப் பார்த்தான். 1 கோடி எஞ்சியிருந்தது. அதைக் கொண்டு வாழ்வது பசியில் வாடுவதே என்றெண்ணி நஞ்சுண்டு மாண்டான். அந்நாளில் ஒரு படைவீரனின் ஆண்டூதியம் 900 செசுட்டர்சு. அவன் வறுமை என்று அஞ்சிய தொகையால் 11,000 வீரர்க்கு ஓராண்டு ஊதியம் அளித்திருக்கலாம். செல்வத்தின் பெரும்பகுதி போயிற்று என்பது சிறிய இழப்பு. எஞ்சியது எவ்வளவு பெரிதென்று உணரும் அளவையே அவனிடம் இல்லாமற் போயிற்று. ஒருநாளும் எடைபோட்டறியாதவனுக்கு 1 கோடியும் ஒரு பிடி உமியும் ஒன்றே.

இதனை எழுதிய செனெகாவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். பிற்காலத்தில் பேரரசன் நீரோவின் அவையில் உயர்ந்த அவர், நான்கே ஆண்டுகளில் 30 கோடி செசுட்டர்சு சேர்த்தது எந்த மெய்யறிவால் என்று சுயில்லியசு என்பவர் வெளிப்படையாகக் கேட்டதை வரலாற்றாசிரியர் தாசிட்டசு பதிந்துள்ளார். கேட்டவரும் தூயவர் அல்லர், கி.பி. 58-இல் அவரே நாடு கடத்தப்பட்டார். ஆயினும் கேள்வி பழுதற்றது. செலவை எடைபோடச் சொன்னவர் வரவையும் அதே தட்டில் வைத்திருக்க வேண்டும்.