பழையதா, புதியதா?

பழையதைக் கொள்வதா, புதியதைக் கொள்வதா என்னும் வினா சிறு பொருளிலும் பெருஞ் சோதனையாகிவிடுகிறது. ஒமேகா நிறுவனத்தின் ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2021இல் அதன் உட்பொறி மாற்றப்பட்டது. புதியது 15,000 காஸ் அளவுள்ள காந்தப் புலத்தையும் தாங்கும். மோட்டாரும் பம்புசெட்டும் உருவாகும் கோவைத் தொழிற்கூடங்களில் இது வெறும் அலங்காரமன்று; காந்தம் ஏறிய பழைய கடிகாரத்தில் சுருள்வில்லின் வளையங்கள் ஒட்டிக்கொண்டு ஓட்டம் பிறழும்.

ஆயினும் பழையதையே நாடுவோர் உளர். நிலவுக்குச் சென்றது அதுவன்றோ என்பர். 1969இல் ஆல்ட்ரின் நிலவில் அணிந்திருந்ததன் உட்பொறியோ, 2021இல் விடைபெற்றதற்கும் முந்தியது! அவர்கள் விலை கொடுப்பது கதைக்கே.

பயன் கருதினால் புதியதே தகும் எனலாம். பயன் ஒன்றே போதுமெனில், சில நூறு ரூபாய்க் குவார்ட்ஸ் கடிகாரம் இவ்விரண்டினும் துல்லியமாகத் தொழுகை நேரத்தைக் காட்டுமே!

தந்தை விட்டுச்சென்ற பழையதைச் செப்பனிட்டு அணிவது நன்றியறிதல். பிறர் காண வாங்குவதாயின் பழையதும் புதியதும் ஒன்றே. ஆதலின் வாங்குமுன் நம்மையே கேட்போம்: சட்டைக் கை மூடி மறைத்த பின்னும் இதை விரும்புவோமா?