வழி யாருடையது?

மலையும் கடலும் அழகுற அமைந்த ஒரு நாட்டைக் காலால் நடந்தும், மிதிவண்டியில் ஊர்ந்தும், சிறு தோணியில் துடுப்பு வலித்தும் சுற்றிப் பார்ப்பது தம்மத்தின் வழி நிற்போர்க்கு ஏற்ற செயல்தானா என்னும் ஐயம் நம்முள் சிலருக்கு எழுவதுண்டு. கண்ணுக்கு இனியதைத் தேடி அலைவது அவாவின் வேலையன்றோ என்கின்றனர் அவர்கள். வினா நியாயமானதே. ஆயினும் காண்பது வேறு, கைக்கொள்ள விழைவது வேறு. போதிசத்துவர் தவத்திற்கு இடம் தேடி உருவேலாவை அடைந்தபோது அங்கிருந்த சோலையையும் தெளிந்த ஆற்றையும் கண்டு மகிழ்ந்தார். தம் இறுதிக் காலத்தில் வைசாலியின் சேதியங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அவை இனியவை என்றார் பகவன். கடுந்தவத்தோராகிய மகாகாசியபரும் மழை நனைத்த மலைகளைப் புகழ்ந்தவரே. இவர்களுள் எவரும் கண்ட அழகிற்கு வேலி இட்டதில்லை.

வேலி என்றதும் நார்வே நாடு நினைவிற்கு வருகின்றது. அங்கே கடல் மலைகளுக்கிடையே நெடுந்தொலைவு உட்புகுந்து கிடக்கும். அத்தகைய நீர்ப்பரப்பை ஃபியோர்டு என்பர். சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. ஆழம் ஏறத்தாழ 1,300 மீட்டர். அதன் கிளையாகிய நேரோய் ஃபியோர்டு ஓரிடத்தில் 250 மீட்டர் அகலமே உடையது. கயாக் எனப்படும் ஒடுங்கிய தோணியில் அதனூடே செல்பவர், இருபுறமும் செங்குத்தாய் எழும் பாறைகளையும் அவற்றினின்று விழும் அருவிகளையும் நீர்மட்டத்திலிருந்தே அண்ணாந்து நோக்குகின்றார். மிதிவண்டியில் செல்வோர் விரும்பும் மலைச்சாலை ஒன்றும் அருகில் உண்டு. ஆஸ்லோவையும் பெர்கனையும் இணைத்து 1909இல் திறக்கப்பெற்ற இருப்புப்பாதையை அமைத்த தொழிலாளர்கள், அவ்வேலைக்கென்றே வெட்டிய சாலை அது. அரசர் பெயரோ அமைச்சர் பெயரோ அதற்கு வைக்கப்படவில்லை. ரல்லார்வேகன், அதாவது இருப்புப்பாதைக் கூலியாட்களின் சாலை என்றே இன்றும் வழங்குகின்றது. அந்நாட்டு மலைகள் அனைத்தினும் இப்பெயரே நமக்கு உயர்ந்ததாய்த் தோன்றுகின்றது.

அழகிய நாடுகள் பல உள. நார்வேயை நாம் எடுத்துக்கொண்டது அதன் சட்டத்திற்காக. பிறர்க்கு உரிய நிலமாயினும், பயிரிடப்படாத காட்டிலும் மலையிலும் எவரும் நடக்கலாம், இராத்தங்கலாம் என்பது அங்குப் பழைய வழக்கம். 1957இல் அது சட்டமாயிற்று. எல்லா மனிதரின் உரிமை என்பது அதன் பெயரின் பொருள். காட்டுப் பாதைகளில் மிதிவண்டிக்கும், கடலில் தோணிக்கும் இவ்வுரிமை உண்டு. ஆனால் கட்டுப்பாடின்றி அன்று. குடியிருக்கும் வீட்டிற்கு 150 மீட்டருக்குள் கூடாரம் அடித்தல் ஆகாது. ஊர்ப்புறத்தில் ஓரிடத்தில் இரண்டு நாளுக்கு மேல் தங்க வேண்டின் உடையவனின் இசைவு வேண்டும். விளைநிலத்திலோ, பனி மூடிய காலத்திலும் மண் உறைந்த காலத்திலும் மட்டுமே நடக்கலாம். ஏப்ரல் 30 முதல் அக்டோபர் 14 வரை அதுவும் இல்லை. பயிர் வளரும் பருவம் அது.

இவ்விதியைப் படிக்கும் பௌத்தர்க்கு விநயத்தின் ஓர் இடம் நினைவிற்கு வராமல் இராது. பிக்குகள் எல்லாப் பருவத்திலும் நடந்து திரிந்து பசும்புல்லை மிதிக்கின்றனர், சிற்றுயிர்களைக் கொல்கின்றனர் என மக்கள் குறை கூறினர். பகவன் அக்குறையைச் செவிமடுத்து, மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குமாறு விதித்தார். நடை முற்றிலும் விலக்கப்படவில்லை. நாற்பத்தைந்து ஆண்டு நடந்தவர் அவர். நிலம் முளைக்கும் காலத்தில் மட்டும் கால் நிற்க வேண்டும் என்றார். கொடாததை எடாமை என்னும் சீலத்தைப் பொருள்களுக்கு மட்டுமே உரியதாக நாம் எண்ணுகின்றோம். பிறர் பயிரின்மேல் வைக்கும் அடியும், பிறர் வீட்டு அமைதியைக் குலைக்கும் கூடாரமும் கொடாததை எடுத்தலே ஆகும். எல்லை காத்து நடப்பவனுக்கோ மலை முழுதும் கொடுக்கப்பட்டதாகின்றது. உடைமை இல்லாமலே அவன் அதனைத் துய்க்கின்றான்.

இது நம்மனோர்க்கு வெறும் தத்துவ விசாரம் அன்று. நடப்பதற்கே நம் நாட்டில் போராட வேண்டியிருந்தது. 1924 மார்ச் 30ஆம் நாள் வைக்கத்தில் தொடங்கிய கிளர்ச்சி, ஆலயத்திற்குள் நுழைவதற்காக அன்று; அதைச் சுற்றியுள்ள தெருக்களில் காலடி வைப்பதற்காகவே. மேற்சாதியார் தெரு வந்ததும் மிதிவண்டியினின்று இறங்கி உருட்டிச் செல்லும் கட்டாயத்தை நம் மூத்தோர் அறிவர்; அவ்வழக்கம் முற்றும் ஒழிந்ததென இன்றும் சொல்ல இயலவில்லை. நீரைப் பற்றியோ கேட்க வேண்டுவதில்லை. மகாடு நகரின் சவதார் குளத்தில் 1927 மார்ச் 20ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிப் பருகியதற்கு, குளம் தீட்டாயிற்றென்று சடங்கு நடத்தினர். நீதிமன்றத்தில் அவ்வுரிமை உறுதிப்படப் பத்து ஆண்டு சென்றது. கயாக்கும் மிதிவண்டியும் செல்வர் விளையாட்டு என்று கூறி நம்மவர் விலகுவது இதனால்தான் நமக்கு உடன்பாடன்று. கடல் கடக்கப் பணம் வேண்டும், உண்மை. அது வேறு பேச்சு. வழியும் நீரும் மறுக்கப்பட்ட மக்கள் ஒரு மலைப்பாதையில் எவரையும் கேளாமல் நடப்பதை ஆடம்பரமென்று எவ்வாறு தள்ளுவது?

நார்வே மக்கள் பிறவியிலேயே நல்லோர் என்று எவரும் எண்ண வேண்டா. எவரும் நடக்கலாம் என்னும் அந்நாட்டில், 1814ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் யூதர்கள் நாட்டுக்குள் நுழைவதையே தடுத்தது. ஹென்ரிக் வெர்கேலன் என்னும் கவிஞர் அத்தடையை எதிர்த்து எழுதியும் பாராளுமன்றத்தை வேண்டியும் வந்தார், அவர் வாழ்நாளில் பயன் கிட்டவில்லை. 1845இல் அவர் காலமானார். தடை நீங்கியது 1851இல்.