யார் பசிக்குப் போட்ட பூட்டு?

"நம் பிள்ளை இங்கே பட்டினி கிடக்க, அயலானுக்கு அரிசியா?" உணவு தானிய ஏற்றுமதிக்குத் தடை வரும்போதெல்லாம் கிளம்புகிற கேள்வி இது. கேட்டதும் நெஞ்சு உருகும். நெஞ்சு உருகுகிற இடத்தில்தான் கணக்கைக் கேட்க வேண்டும்.

2022 செப்டம்பரில் இந்திய அரசு நொய்யரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அரசே சொன்ன காரணங்கள் என்ன தெரியுமா? கோழித் தீவனத்துக்கு நொய் வேண்டும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கும் வேண்டும். அந்த நொய்யை வாங்கிக்கொண்டிருந்த நாடுகளில் ஒன்று செனகல். அங்கே அது மனிதர் உணவு. மீனும் காய்கறியும் வெந்த சாற்றில் நொய்யைக் கொட்டி வேகவைக்கும் சேபுஜென்தான் அந்நாட்டின் தேசிய உணவு. சாற்றை நன்றாக இழுக்கும் என்று நொய்யைத் தேடி வாங்குவார்கள். அந்தச் சட்டிக்குப் போகவேண்டியதை நம் கோழிக்குத் திருப்பிவிட்டோம். அதுவும் நாட்டுக்கோழிகூட அல்ல, பிராய்லர்.

2023 ஜூலையில் பாசுமதி அல்லாத பச்சரிசிக்கும் தடை. அடுத்த மாதம் புழுங்கலரிசிக்கு 20 சதவீத வரி. உலக அரிசி வணிகத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நம் கையில். விலை 15 ஆண்டுகளில் காணாத உயரத்துக்குப் போனது. அமெரிக்கக் கடைகளில் நம்மவர்கள் சோனா மசூரி மூட்டைக்கு முண்டியடித்தது இங்கே பெரிய செய்தி. செனகல் தலைநகர் டக்காரில் அரிசி என்ன விலை என்று எந்தத் தொலைக்காட்சியும் கேட்கவில்லை.

1942இல் இதே வேலையை பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணங்கள் செய்தன. ஜனவரியில் பஞ்சாப் கோதுமையை வெளியே விட மறுத்தது. ஜூனில் நம் சென்னை மாகாணம் அரிசியைத் தடுத்தது. ஜூலையில் பீகாரும் ஒரிசாவும் சேர்ந்துகொண்டன. 'எங்கள் மக்கள் முதலில்' என்பதுதான் எல்லாருடைய நியாயமும். அடுத்த ஆண்டு தொடங்கிய வங்காளப் பஞ்சத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பர்மா ஜப்பானிடம் வீழ்ந்தது, போர்க்கால விலையேற்றம், ஆட்சியின் அலட்சியம் என்று பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. இந்தப் பூட்டுகளும் அதில் சேர்த்தி. வங்காளிக்கு அரிசி தராதது கொடுமை என்று இன்று ஒப்புக்கொள்கிறோம். எல்லைக்கோடு சற்றுத் தள்ளிப் போனதும் அதே செயல் எப்படிப் புண்ணியமானது?

சரி, அயலானை விடுங்கள். உள்ளூரில் இந்தத் தடைக்கு யார் பணம் தருகிறார்கள்? உழவர். விலை விழுந்தால் அவரிடம் 'சந்தை நிலவரம்' என்கிறோம். ஏறினால் 'நாட்டு நலன்' என்கிறோம். 2000 முதல் 2016 வரையிலான கணக்கை வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. ஆராய்ந்தது. உர மானியம், மின் மானியமெல்லாம் சேர்த்துப் பார்த்தும், அரசின் கொள்கைகளால் இந்திய உழவர்கள் மொத்த வருவாயில் சராசரியாக 14 சதவீதம் இழந்திருக்கிறார்கள். ஏற்றுமதிக் கட்டுப்பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். எந்த நாடாளுமன்றத்திலும் வாக்கெடுப்புக்கு வராத வரி இது.

நிலமில்லாக் கூலித் தொழிலாளியும் அரிசியை வாங்கித்தான் சாப்பிடுகிறார், விலை ஏறினால் முதலில் அடிபடுவது அவர்தானே என்பீர்கள். உண்மை, அதை மறுக்கிறவன் கிராமத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அவரைக் காக்க ரேஷன் கடை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் அங்கே அரிசி இலவசம். 2023 முதல் நாடு முழுக்கச் சுமார் 80 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம். போதவில்லையென்றால் கூட்டிக் கொடுங்கள், கருவூலத்திலிருந்து. தடையால் கடையில் விலை குறைந்தால் கூலிக்காரருக்கும் லாபம். அவரோடு பொன்னி அரிசியைச் சிப்பம் சிப்பமாக வாங்குகிற நானும் நீங்களும் லாபம் பார்க்கிறோம். நம் லாபத்துக்கு ஏழையின் பெயரை ஏன் இழுக்க வேண்டும்?

பச்சரிசித் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. அதற்குள் அரசுக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 2025 ஜனவரியில் அந்த அரிசியை எத்தனால் ஆலைகளுக்குக் கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு விற்க அரசு முடிவெடுத்தது. அந்தப் பருவத்தில் சாதாரண நெல்லுக்கே ஆதார விலை கிலோவுக்கு 23 ரூபாய்.