தறியும் ஆலையும்

காஞ்சிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையோரம் உள்ளது தாமல். அச்சாலையில் கிழக்கே சென்றால் முதலில் பட்டுத்தறிகளின் நகரம். அப்பால் திருப்பெரும்புதூர் ஆலைகள். தறியை விட்டு ஆலைக்குச் செல்லும் இளையோரைக் குறித்துப் பலர் வருந்தக் கேட்கிறோம்.

கோர்வைச் சேலை நெய்யக் குழித்தறியில் இருவர் வேண்டும். நெசவாளர் அருகே அமர்ந்து கரைக்கு நாடா எறிபவர், பல வீடுகளில் மனைவியோ மகளோதான். அவருக்கெனத் தனிக்கூலி இல்லை. கலையைப் புகழ்வோர் அந்தக் கையை எண்ணுவதில்லை. ஆலைப் பேருந்தில் ஏறும் பெண்ணோ தன் பெயரிலேயே ஊதியம் பெறுகிறாள். இதைச் சிறிதென்று நாம் கருதவில்லை.

ஆயினும் ஆலையில் அப்பெயருக்கு மதிப்பென்ன? 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் உற்பத்தியை நிறுத்தியது; ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் நோயுற்றபோது, பாக்ஸ்கான் பெண் தொழிலாளர் இதே நெடுஞ்சாலையை மறித்தனர்.

செய்யப்படும் பொருளைவிடச் செய்யும் மனிதரே மேல் என்று 1981-இல் உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் உணர்த்தினார் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர். அவ்வளவுகோல் கைப்பேசிக்கு மட்டுமன்று. அழகாயிருக்கிறது என்பதற்காகச் சேலைக்கு விலக்களிக்க இயலாது. மகளை எப்பக்கம் அனுப்புவதென்று தாமலில் ஒரு தந்தை வினவினால், நாம் அவரைத் திருப்பிக் கேட்கலாம்: அங்கே கூலி அவள் கையில் சேருமா? இடர் நேர்ந்தால் அவள் யாரிடம் முறையிடுவாள்?