இன்னொருவர் பிள்ளையின் ஊழ்

ஊழ் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அதை இன்னொருவருக்கு முன்கூட்டிச் சொல்ல நமக்கு உரிமை உண்டா?

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பையும் பள்ளி என்னிடம் கொடுத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள், மதிப்பெண் குறைந்த பிள்ளைகளோடு பெற்றோர் வருவார்கள். சிலர் ஜாதகத்தையும் எடுத்து வருவார்கள். "இவன் தலையில எழுதுனது அவ்வளவுதானுங்க டீச்சர்" என்பார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி எனக்குள் வேர்விட்டது.

இந்த மண்ணில் இது பழைய வழக்கு. எல்லாம் நியதிப்படியே நடக்கிறது, மனித முயற்சியால் ஒன்றும் மாறாது என்றார்கள் ஆசீவகர்கள். உருட்டிவிட்ட நூற்கண்டு பிரிந்து தீரும்வரை ஓடுவதுபோல உயிர்கள் தங்கள் பிறவிகளை ஓடித் தீர்க்கும் என்பது அவர்களின் ஆசான் மற்கலி கோசாலரின் கொள்கை என்று பௌத்த நூல்கள் பதிந்து வைத்திருக்கின்றன. மணிமேகலை கேட்கும் சமயவாதிகளில் ஆசீவகரும் ஒருவர். நீலகேசி அவர்களோடு வாதாடவே ஒரு சருக்கத்தை ஒதுக்குகிறது. வள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழை எல்லாவற்றினும் வலியதாக நிறுத்துகிறார்; 62-ஆம் அதிகாரத்தில், தளராமல் உழைப்பவர் அந்த ஊழையே புறங்காண்பார் என்கிறார். உரையாசிரியர்கள் இரண்டையும் பொருத்திக் காட்டப் பாடுபட்டிருக்கிறார்கள். என் வாசிப்பு எளியது. முதலாவது, வந்ததையும் போனதையும் திரும்பிப் பார்ப்பவனுக்கு. இரண்டாவது, இனிமேல் ஒரு காரியத்தில் இறங்கப்போகிறவனுக்கு.

நான் படித்த இயற்பியலும் ஒரு காலத்தில் ஆசீவகம்தான் பேசியது. அண்டத்தின் ஒவ்வொரு துகளும் இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது, அதன்மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று முழுதாக அறிந்த ஓர் அறிவு இருந்தால், எதிர்காலம் அதன் கண்முன் திறந்து கிடக்கும் என்று 1814-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் எழுதினார். கோள்களின் பாதையைக் கணக்கிட்டுப் பழகிய கைக்கு அந்த நம்பிக்கை இயல்பாக வந்தது.

ஆனால் 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வானிலையை ஒரு சிறு கணினியில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கணக்கு ஒன்றை நடுவிலிருந்து திரும்ப ஓட்ட, தாளில் அச்சாகியிருந்த எண்ணைத் தட்டச்சு செய்தார். கணினியின் நினைவில் இருந்த எண் 0.506127, தாளில் இருந்தது 0.506. காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, புதிய வானிலை பழையதோடு ஒட்டுறவே இல்லாமல் போயிருந்தது. அவருடைய சமன்பாடுகளில் தற்செயலுக்கு இடமே இல்லை, ஒவ்வொரு படியும் முந்தைய படியால் முழுதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஆயினும் தொலைவில் என்ன வரும் என்று சொல்ல முடியவில்லை. அதையே 1963-இல் கட்டுரையாக வெளியிட்டார். தீர்மானிக்கப்பட்டிருப்பது வேறு, முன்கூட்டி அறியக்கூடியது வேறு என்பதை அதற்குப் பிறகு இயற்பியல் மறக்கவில்லை. எழுதப்பட்டது என்பதாலேயே யாரோ அதைப் படித்துவிட்டார்கள் என்று ஆகாது.

கணிதம் இதைவிட ஆழமாகத் தொட்டது. 1936-இல் ஆலன் டூரிங் எழுதிய கட்டுரையின் சாரத்தை வகுப்பில் இப்படிச் சொல்வேன்: எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும் அது ஓடி நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு வழிமுறை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழிமுறையையே வயிற்றில் வைத்து இன்னொரு இயந்திரம் கட்டலாம். "நிற்பாய்" என்று அது சொன்னால் இது ஓடும், "ஓடுவாய்" என்றால் நின்றுவிடும். இனி அதைப் பற்றி எது சொன்னாலும் பொய். ஆகவே அப்படி ஒரு வழிமுறை இருக்கவே முடியாது. இந்த நிரூபணத்தைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடல் சிலிர்க்கும். தன்னைப் பற்றிய கணிப்பைக் காதில் வாங்கக்கூடிய ஒன்றைப் பற்றித் தப்பாமல் கணிக்க ஒரு பொது வழி கிடையாது. சூரிய கிரகணத்தை நாம் கணிக்கிறோம், சந்திரனுக்குக் காது இல்லை. பிள்ளைக்கு இருக்கிறது.

காது உள்ள பிள்ளை சொன்னதற்கு எதிராகத்தான் ஓடும் என்பதில்லை. பெரும்பாலும் சொன்னபடியே ஓடிவிடும் என்பதுதான் எங்கள் தொழிலின் கவலை. ராபர்ட் ரோசந்தால் என்ற உளவியலாளரும் லெனோர் ஜேக்கப்சன் என்ற பள்ளி முதல்வரும் கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் சோதனை செய்து, 1968-இல் நூலாக வெளியிட்டார்கள். ஒரு தேர்வு வைத்துவிட்டு, இந்த ஆண்டு அறிவில் மலரப்போகிறவர்கள் இவர்கள் என்று சில பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கலில் எடுத்தவை. ஆண்டு முடிவில், முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். அந்த ஆய்வின் அளவீடுகளைப் பலர் கடுமையாகக் குறை சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் விளைவு சிறியதாகவே தெரிந்தது. சிறியதுதான், ஆனால் இல்லாமல் போகவில்லை. பொய்யாகச் சொன்ன நல்ல வாக்குக்கே இவ்வளவு இருந்தால், மெய்யென்று நம்பிச் சொல்லும் கெட்ட வாக்குக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசிக்கிறேன்.

பள்ளி ஆலோசனை என்ற எங்கள் துறைக்கு அடித்தளம் போட்டவரே ஒரு பொறியாளர்தான். ஃபிராங்க் பார்சன்ஸ் கட்டடப் பொறியியல் படித்து ரயில்வே வேலையில் சேர்ந்தவர். கம்பெனி நொடித்துப்போனதால் அந்த வேலை போனது. பிறகு பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர் என்று பல வேலை பார்த்தார். 1908-இல் பாஸ்டனில் இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டு நிலையத்தைத் தொடங்கி, அதே ஆண்டு இறந்துபோனார். ரயில்வேயில் சேர்ந்த நாளில் அவருக்கு யார் இதைக் கணித்துச் சொல்லியிருக்க முடியும்?

போன ஆண்டு ஒரு தகப்பனார் வந்தார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மகன் கணக்கில் தவறியிருந்தான். "எங்க ரத்தத்துலயே கணக்கு இல்லீங்க டீச்சர்" என்றார். பட்டறை வேலையைப் பற்றிக் கேட்டேன். பேச்சு சூடு பிடித்தது. "பத்து டன்னுன்னு பேப்பர்ல இருக்கும். பதினஞ்சு ஏத்துவாங்க. மேட்டுல ஏறும், பள்ளத்துல எறங்கும். எதுக்கும் தாங்கற மாதிரிதான் அடிக்கோணும்" என்றார். "என்ன பாரம் வரும்னு தெரியாததாலதானே அண்ணா கூடுதலா பட்டை வெச்சு அடிக்கறீங்க? இவன் விஷயத்துல மட்டும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசறீங்களே" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பையன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். துணைத் தேர்வில் தேறி, இப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சேர்வானா என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் வழிகாட்டுவது எப்படி, எதையாவது முன்னே சொல்லித்தானே ஆகவேண்டும் என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். சொல்கிறேன், பாதையைப் பற்றி. இந்தப் படிப்புக்கு எத்தனை ஆண்டு, எவ்வளவு கட்டணம், என்ன வேலை கிடைக்கும், எங்கே சறுக்கும் என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறேன். பிள்ளையைப் பற்றித் தீர்ப்பு மட்டும் சொல்வதில்லை.

விதியை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. எங்கள் தெருவில் மகனை விபத்தில் பறிகொடுத்த ஒரு அம்மா, "விதி" என்ற அந்த ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தார். தன் இழப்பைத் தாங்க ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது ஊழ் மருந்து. பதினேழு வயதுப் பிள்ளையிடம் அதன் வருங்காலத்தைக் காட்டிச் சொல்லும்போது அது வினை. அந்த வினைக்கும் பலன் உண்டு என்று நம்புவது நம் சமயங்களே.

வரும் மே மாதம் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பிள்ளை தேர்வில் தவறலாம். அன்று அதன் தலையெழுத்தைப் பற்றிப் பேசாதீர்கள். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்களே இருக்கும்; கடைசித் தேதியை விசாரித்து, பள்ளிக்குக் கூடவே போங்கள்.