தடுப்பதும் கொல்வதும்

1940 கோடையில், இரண்டாம் உலகப் போரின்போது, இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்துக்கு மேலே ஹைட்ரஜன் நிரப்பிய தடுப்பு பலூன்கள் எஃகு வடங்களில் மிதந்தன. தாழப் பறந்து குறிபார்த்துக் குண்டுபோட வரும் விமானங்களை உயரத்திலேயே நிறுத்துவதுதான் அவற்றின் வேலை. ஜெர்மன் விமானிகள் சுட்டு எரிக்க எரிக்க, புதிய பலூன்கள் ஏறின. இதை அகிம்சை எனலாமா? முடியாது, இறக்கையில் சிக்கும் வடம் ஆளைக் கொன்றுவிடும். ஆனாலும் துப்பாக்கிக் குண்டு ஆளைக் குறிவைத்துப் போகிறது. வடமோ விலகிப் போகிறவனை விட்டுவிடுகிறது. உயிர்காப்பதே நோக்கமாக இருந்து, அளவுக்கு மீறாமலும் இருந்தால் தற்காப்பு பாவமாகாது என்று இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் வாதிட்டார்.

பிரிட்டிஷ் விமானங்களும் அந்த வடங்களில் மோதி விழுந்தனவே என்று கேட்கலாம். நியாயமான ஆட்சேபம்தான். நோக்கம் தூயது என்பதாலேயே பொறுப்பு தீர்ந்துவிடாது. யாரையும் குறிவைக்காத கருவியை ஏற்றியவர்தான் எல்லோரையும் எச்சரிக்கக் கடமைப்பட்டவர்.