கற்றுக்குட்டியாக இருக்கும் உரிமை

போன கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரம்பலூரில் எங்கள் வீட்டில் சாதம் குழைந்துபோனது. வைத்தது நான். ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா வந்திருந்தார். பாத்திரத்தை எட்டிப் பார்த்தவர், "என்னடி இது, நாப்பத்தஞ்சு வயசுக்கு சாதம் இப்படிக் குழைஞ்சு கெடக்கு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் என் மகள், "பரவாயில்ல ஆயா, இன்னொரு தடவ வச்சுக்கலாம்" என்றாள். அம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நாங்கள் செய்யப் பார்த்தது சுஷி. மகள் கொரியத் தொடர்களில் கிம்பாப் பார்த்து, அங்கிருந்து ஜப்பானுக்குத் தாவியிருந்தாள். சுஷி என்றால் பச்சை மீன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த சோறுதான் சுஷி. அதனோடு எதைச் சேர்க்கிறோம் என்பது நம் விருப்பம். பெரம்பலூர், அரியலூர் இரண்டுமே கடற்கரை இல்லாத மாவட்டங்கள். காரை கிராமத்துப் பள்ளங்களில் அம்மோனைட் புதைபடிவங்கள் கிடைக்கின்றன என்பதால் எங்கள் ஊருக்கும் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று பெருமை பேசிக்கொள்ளலாம். ஆனால் பனிக்கட்டியில் பயணம் செய்து வரும் மீனைப் பச்சையாகத் தின்ன முடியாது. எனவே வெள்ளரிக்காய், கேரட், முட்டை அடை.

இரண்டாவது தடவை கவனமாக இருந்தேன். பொங்கலுக்கு எடுக்கும் பச்சரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் விட்டு, மூடிய பாத்திரத்தில் சிறுதீயில் வேகவிட்டேன். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சூடான சோற்றை அகலத் தட்டில் கொட்டி, இந்தக் கலவையை ஊற்றிப் பிசையாமல் புரட்ட வேண்டும். ஒருத்தி புரட்ட ஒருத்தி விசிற வேண்டும். ஆறிய பிறகு, நோரி என்ற கடல்பாசித் தாளைச் சொரசொரப்பான பக்கம் மேலாக வைத்து, கையை ஈரமாக்கிக்கொண்டு சோற்றை மெல்லியதாகப் பரப்பி, கடைசியில் இரண்டு விரல் அகலம் இடம் விட வேண்டும். நடுவில் காய். மூங்கில் பாய் இல்லாததால் மடித்த துணித்துண்டின் மேல் பாலித்தீன் தாளை விரித்துக்கொண்டோம். சுருட்டி, ஓரத்தில் தண்ணீர் தடவி ஒட்டி, ஈரக் கத்தியால் வெட்ட வேண்டும்.

முதல் சுருள் பிரிந்துவிட்டது. இரண்டாவதில் காய் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டது. மூன்றாவதை வெட்டும்போது நசுங்கியது. நானும் மகளும் சிரித்துக்கொண்டே தின்றோம். அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. இருபது வருடங்களுக்கும் மேலாக சமைக்கிறேன். சமையலறையில் தோற்றுப்போய்ச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

ஏன் என்று யோசித்தேன். சாம்பாருக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அது மாமியாருடையது, அம்மாவுடையது, பக்கத்து வீட்டாருடையது. சுஷிக்கு எங்கள் வீட்டில் அளவுகோல் வைத்திருப்பவர்கள் யாருமில்லை. "உங்கம்மா இதுகூடச் சொல்லித் தரலையா?" என்று யாரும் கேட்க முடியாது. அந்த ஒரு மதியம் எனக்குக் கற்றுக்குட்டியாக இருக்கும் உரிமை கிடைத்திருந்தது.

அம்மாவுக்கு அது கிடைத்ததேயில்லை. பதினேழு வயதில், பதினோரு பேர் இருந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டார். முதல் வாரம் வைத்த சோறு குழைந்துவிட்டது. மாமியார் ஒன்றும் பேசாமல் எல்லோர் முன்னாலும் அதை மாட்டுக் கழனித்தொட்டியில் கொட்டினாராம். "அப்பறம் கொழையவே இல்ல," என்று அம்மா முடித்தார். இந்தக் கதையை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். முன்பெல்லாம் அது அவருடைய திறமையின் கதையாகத்தான் என் காதில் விழுந்தது.

சுஷி பற்றித் தேடியபோது 2011இல் வந்த ஆவணப்படம் ஒன்றைப் பார்த்தேன். டோக்கியோவின் கின்சா பகுதியில் உணவகம் நடத்தும் ஜிரோ ஓனோவைப் பற்றிய 'ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி'. அதில் பயிற்சியில் இருக்கும் ஓர் இளைஞர் முட்டை அடை செய்யக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார். 200க்கும் மேற்பட்ட தடவை செய்தாராம், எல்லாமே நிராகரிக்கப்பட்டனவாம். கடைசியில் நன்றாக இருக்கிறது என்று ஆசான் சொன்னபோது அழுதுவிட்டாராம். உலகம் அதை உழைப்பின் காவியமாகப் பார்த்தது. எனக்கு அந்த 200 என்ற எண்தான் மனதில் நின்றது. ஓர் ஆண் கலைஞனாவதற்கு 200 தோல்விகள் முதலீடாகத் தரப்படுகின்றன. என் அம்மாவுக்கு ஒன்றுகூடத் தரப்படவில்லை.

ஜப்பானியப் பெண்களுக்கும் தரப்படவில்லை. அங்கே வீட்டில் சுஷி சுருட்டும் கைகளில் பெண்களின் கைகள் ஏராளம். உணவகத்தின் மேடைக்குப் பின்னால் நின்று சம்பளத்துக்குச் சுஷி பிடிப்பவர்களோ நெடுங்காலமாக ஆண்கள். காரணம் கேட்டால் பெண்களின் கை சூடு, மீன் கெட்டுவிடும் என்பார்கள். 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அளவீட்டின்படி பெண்களின் கைதான் சராசரியாகக் குளிர்ச்சியானது. ஜிரோவின் மூத்த மகன் யோஷிகாசு ஓனோ 2011இல் ஒரு நேர்காணலில் வேறொரு காரணம் சொன்னார்: மாதவிடாயால் பெண்களின் சுவையுணர்வு நிலையாக இருக்காதாம்.

படித்ததும் எங்கள் கிராமத்து வீட்டின் ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வந்தது. எனக்குப் பதினான்கு வயது. 'தூரமாக' இருந்த நாளில் மறந்துபோய் ஜாடியைத் தொட்டுவிட்டேன். பத்து நாளில் மாங்காய் பூத்துவிட்டது. ஈரக் கரண்டி போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. குற்றவாளி ஏற்கெனவே கிடைத்துவிட்டாளே. கின்சாவுக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் அத்தனை கடல் இருந்தும் இந்த ஒரு நம்பிக்கைக்கு மட்டும் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. டோக்கியோவின் அகிஹபாராவில் 2010இல் பெண்கள் மட்டுமே சுஷி செய்யும் நாதேஷிகோ என்ற உணவகம் தொடங்கியது. அதை நடத்திய யூகி சிதுய் இந்தப் பேச்சுகளையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் கத்தியைப் பிடித்திருக்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு எதிரெதிரான தீர்ப்புகள் தெரிகின்றன. வீட்டில், பெண் என்பதாலேயே உனக்குச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். தொழிலில், பெண் என்பதாலேயே உனக்கு வராது. யோசித்தால் இரண்டும் ஒரே தீர்ப்புதான். இரண்டுமே நம் திறமையை உடம்பின் கணக்கில் எழுதுகின்றன. உடம்பிலேயே இருப்பதைக் கற்க வேண்டியதில்லை; உடம்பிலேயே இல்லாததைக் கற்க முடியாது. எப்படிப் பார்த்தாலும் பெண் கற்றுக்கொள்பவளாக இருக்க இடமில்லை.

இதற்கு விலை இருக்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் அறுவடையானதும் களத்தில் உட்கார்ந்து தாள் அறுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அரியலூர்ப் பக்கம் முந்திரி உடைப்பவர்களும் அப்படியே. கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் கறுத்திருக்கும். முழுப் பருப்பை உடையாமல் எடுப்பது ஒரு நாளில் வருகிற வித்தை இல்லை. ஆனால் "பொம்பளைங்க விரலுக்கு அது தானா வரும்" என்ற ஒரு வரி போதும், அது திறன் கணக்கிலிருந்து விழுந்துவிடும்; கூலியும் கூடவே விழும். கல்யாண மண்டபத்தில் அடுப்படியில் நிற்பவர் 'மாஸ்டர்'. காய் நறுக்கும் பெண்கள் 'ஆளுங்க'.

'கைப்பக்குவம்' என்ற நம் அழகான சொல்லின் மேல் எனக்கு இப்போது சந்தேகம் வந்திருக்கிறது. பக்குவம் என்பது பல நாள் பட்டுக் கற்றது. நாம் அதைப் பாராட்டும் விதத்தில் அந்தப் பல நாள் காணாமல் போய், கை மட்டும் மிஞ்சிவிடுகிறது.

நான் சுருட்டிய அந்தக் கறுப்புத் தாளுக்குப் பின்னாலும் ஒரு பெண் இருக்கிறார். காத்லீன் ட்ரூ பேக்கர், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பாசி ஆய்வாளர். மணமான பெண்களுக்கு வேலை தருவதில்லை என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் அன்றைய வழக்கம். 1928இல் திருமணம் ஆனதும் சம்பள வேலை போயிற்று. ஊதியமில்லாத ஆய்வாளராகத் தொடர்ந்தார். நோரி இனப் பாசி தன் வாழ்வின் ஒரு பகுதியைச் சிப்பி ஓடுகளுக்குள் வேறு உருவத்தில் கழிக்கிறது என்று கண்டுபிடித்து 1949இல் நேச்சர் இதழில் எழுதினார். பாசி எங்கிருந்து முளைக்கிறது என்றே தெரியாமல் விளைச்சல் பொய்த்துத் தவித்துக்கொண்டிருந்த ஜப்பானியக் கடலோரத்துக்கு அந்த அறிவு போய்ச் சேர்ந்தது. அதை வைத்து வித்துகளை வளர்த்து வலையில் ஏற்றக் கற்றார்கள். 1957இல் அவர் இறந்தார், ஜப்பானுக்குப் போனதேயில்லை. 1963இல் குமமோட்டோவின் உடோவில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, 'கடலின் தாய்' என்று போற்றினார்கள். நன்றியோடு தந்த பட்டம்தான். ஆனாலும் சம்பளமில்லாமல் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் உட்கார்ந்து கற்ற ஒருத்தியைக் கடைசியில் தாயாக்கித்தான் நினைவில் வைக்க முடிந்திருக்கிறது.

இதெல்லாம் வசதியுள்ளவளின் பேச்சு என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். பத்துத் தாள் கொண்ட நோரி பாக்கெட் சில நூறு ரூபாய். மூன்று சுருள் வீணாகலாம் என்று சிரிப்பதற்கு வீட்டில் அரிசி இருக்க வேண்டும். வெங்காயக் களத்திலிருந்து பொழுது சாய்ந்து திரும்புகிறவளுக்கு ஒரு உலைகூட வீணாகக் கூடாது. ஆனால் அதனால்தான் இதை உரிமை என்கிறேன். காசு இருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு ஒரு ஞாயிறு மட்டும் கிடைப்பதை உரிமை என்று சொல்ல முடியாது, அது சலுகை. தோற்க இடம் கொடுப்பதும், கற்ற காலத்தை வேலையாகக் கணக்கு வைப்பதும், அதற்குக் கூலி தருவதும் ஒரே நியாயத்தின் பகுதிகள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு தடவை நன்றாக வந்துவிட்டால் "வாராவாரம் செய்யேன்" என்பார்கள். புதுப் பலகாரம் பழைய வேலையாக மாற ஒரு மாதம் போதும். என் கணவர் தோசையைக் கருக்கினால் இன்னமும் வீடே சிரித்து ரசிக்கிறது. அந்தச் சிரிப்பை நான் அவரிடமிருந்து பறிக்க விரும்பவில்லை. அடுத்த தடவை சோற்றைப் பரப்ப வேண்டியவர் அவர் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். மகளுக்கு நான் சொல்ல நினைப்பது சிறியது. யாராவது உன் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தால், எத்தனை தடவை கெட்டுப்போய் இது வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்.

அன்று கடைசித் தாள் ஒன்று மிச்சம் இருந்தது. "ஆயா, நீயும் ஒண்ணு சுத்திப் பாரு" என்று மகள் கூப்பிட்டாள். வேண்டாம் வேண்டாம் என்றபடியே அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சோற்றை அடை தட்டுவது போலத் தடிமனாக அப்பினார். சுருட்டினால் சுருளவில்லை, தாள் நடுவில் கிழிந்து கேரட் வெளியே எட்டிப் பார்த்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு வரலடி."

சமையலறையில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதேயில்லை. அவருக்கு அறுபத்தெட்டு வயது. மகள் தட்டை அவர் பக்கம் தள்ளி, "பரவாயில்ல ஆயா, மொத தடவதானே" என்றாள்.